எனக்கு வராத கனவு

பிரஜாவுரிமைக்கு மனு எழுதிக் கொடுக்கச் சொன்ன வருடம் எனக்கு முப்பது வயது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டால் இந்தியாவை மறக்க வேண்டியதுதான் என்றார்கள் சிலர். போடாவிட்டால் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்றார்கள் வேறு சிலர். எனக்கு இங்கேயே இருக்க ஆசை. அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஞாயிறு தோட்டத்துக் கோயிலில் வேதம் சொல்லித்தரும் உபதேசியார், மாதாவின் கணவர் சூசையப்பரைப் பற்றிப் பேசினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போ என்றும், திரும்பி வா என்றும் வானதூதரான சம்மனசு கனவில் வந்துதான் அவருக்குச் சொன்னார் என்றார். அது எனக்கே சொன்னதுபோல இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை என் மனைவி என்னை உலுக்கி எழுப்பினாள்.

"ஏங்க, வெள்ள உடுத்தின ஒருத்தர் நம்ம காம்பரா வாசல்ல நின்னு, 'எழுதிக் குடுங்க'ன்னு சொன்னாருங்க."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோமென்று உபதேசியாரிடம் போனேன்.

"மாதாவுக்கா கனவுல வந்து சொன்னாரு சம்மனசு? சூசையப்பருக்குத்தான சொன்னாரு," என்றார் அவர். "குடும்பத்துக்குத் தலைவன் நீ. ஒனக்கு வரணும். செபம் பண்ணிட்டுப் படு, தம்பி."

அவர் படித்தவர். நான் மூன்றாம் வகுப்பு. தலையாட்டிவிட்டு வந்தேன்.

செபம் பண்ணிவிட்டுத்தான் படுத்தேன். ஒருநாள் தராசு வந்தது. ஒருநாள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து ஏசினார். ஒருநாள் வானம் வரைக்கும் படிக்கட்டு தெரிந்தது. இதுதான் என்று நினைத்தேன். பார்த்தால் அது ஃபெக்டரி மாடிப்படி, என் முதுகில் மூட்டை.

விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் கங்காணி கேட்பார்:

"என்னய்யா சூசை, எகிப்துலருந்து கடுதாசி வந்துச்சா?"

சிரிப்பு அடங்கும்வரை நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"ஒங்களுக்குத்தான் வரலையே, எனக்கு வந்தத வச்சு எழுதுங்களேன்," என்று மனைவி வீட்டில் தினமும் சொன்னாள். இன்னும் இரண்டு நாள் பார்ப்போம், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்றே காலத்தைக் கடத்தினேன். கடைசித் தேதி போய்விட்டது. பக்கத்துக் காம்பராக்காரர் கனவும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் எழுதிக் கொடுத்தார். அவருக்குக் கிடைத்தது.

பதினைந்து வருடம் ஓடிவிட்டது. இந்தியாவுக்கும் போகவில்லை, இந்த நாட்டுக்காரனும் இல்லை. போன மாதம் என் மகள் வேலைக்கு எழுதிப் போட்டாள். பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு அடுத்து வந்தது குருத்து ஞாயிறு. அதே உபதேசியார் பாடுகளின் வரலாற்றை வாசித்தார். ஆண்டவருக்குத் தீர்ப்புச் சொல்லப் பிலாத்து நியாயாசனத்தில் இருக்கும்போது அவன் மனைவி ஆளனுப்புகிறாள்: அந்த நீதிமானை ஒன்றும் செய்யாதீர், அவரால் கனவில் மிகவும் துன்பப்பட்டேன் என்று. அவன் கேட்கவில்லை.

மனைவிக்கு வந்த கனவு! சூசையப்பர் கனவு கண்ட அதே சுவிசேஷத்தில். வருடா வருடம் அவர்தான் வாசித்தார், வருடா வருடம் நான்தான் முழங்காலில் இருந்து கேட்டேன். இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை. அவரிடம் போய்க் கேட்க நினைத்தேன். கோயில் வாசல் வரை போனேன். வழக்கம்போலத் தோத்திரம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அந்தப் பொம்பளைக்காவது புருஷன் ஒருத்தந்தான் கேக்கல," என்றாள். "எனக்கு நீங்க ரெண்டு பேரு."

மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள். மகள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.