காலரா வண்டி ஓட்டியவர்

உத்தமபாளையத்தில் நான் ஆஸ்பத்திரி கம்பவுண்டராக இருந்தபோது, ஒரு கோடையில் அனுமந்தன்பட்டியில் காலரா கண்டது. நோயாளிகளைக் கொண்டுவர இருந்தது ஒரே மாட்டுவண்டி. அதை ஓட்டியவர் சேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நோயாளியைத் தூக்கிக் கிடத்துவதும் அவர்தான். ஆனாலும் அவரை நான் ஒருமையில்தான் பேசுவேன். அப்போது அதுதான் வழக்கம்.

அவருக்கு நோய் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. தடுப்பூசி இன்னும் வந்து சேரவில்லை. ஒவ்வொரு நடைக்கும் வண்டியில் விரித்த வைக்கோலை எரி, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கைகால் கழுவு, நோய் கண்ட வீட்டில் எதையும் குடிக்காதே என்று சொல்லியிருந்தேன். எல்லாம் தவறாமல் செய்தார். கழுவிக் கழுவி விரலிடுக்கில் தோல் உரிந்துவிட்டது.

ஒரு மத்தியானம், நிலபுலம் உள்ள ஒரு சம்சாரியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"அந்த வீட்டம்மா செம்புல தண்ணி குடுத்தாகய்யா. அவுக குடிக்கிற செம்பு!"

அந்தத் தெருவில் அவர் குனிந்து கையேந்தினால், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள்.

"குடிச்சியா?"

"எம் புருசனத் தொட்டுத் தூக்குனவன் நீ, குடிப்பான்னாக. வேணாம்னு எப்பிடிய்யா சொல்லுவேன்?"

"அறிவிருக்கா ஒனக்கு? எத்தன தடவ சொன்னேன்!" என்று கத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போனது. வைக்கோலை எரிக்கப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் மனைவி ஓடிவந்தாள். வண்டியோட்ட வேறு ஆளில்லை, நானே மாட்டைப் பூட்டிக்கொண்டு போனேன். அவருக்குக் கண் குழிவிழுந்து கிடந்தது. தூக்கப்போனதும், "தொடாதீகய்யா, ஒட்டிக்கிரும்" என்றார். சாயங்காலத்துக்குள் உயிர் போய்விட்டது.

அந்த வெயிலில் குடிக்காதே என்று சொன்னேனே தவிர, குடிக்க நான் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. அடுத்து வந்த வண்டிக்காரருக்குத் தினமும் காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கூஜாவில் ஊற்றிக் கொடுத்தேன். இறந்துபோனவருக்கும் அப்படிக் கொடுத்திருக்கலாம்.

அந்தச் சம்சாரி பிழைத்துக்கொண்டார். அவரை அழைத்துப்போக வந்த மனைவி கையில் ஒரு புது வேட்டி இருந்தது.

"வண்டிக்காரர எங்கன காணோம்?"

"செத்துப்போனாரும்மா. அதே நோய்தான்."

"எங்க வீட்டுக்கு வந்துதான் ஒட்டிக்கிருச்சா?"

"எத்தனையோ வீட்டுக்குப் போனாரும்மா" என்றேன். வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அழுதாள். நான் மருந்தறைக்குள் போய்விட்டேன்.