தவசி அண்ணனின் பொடிசு

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததும் மடியிலிருந்து மாத்திரை அட்டையை உருவுவார் தவசி. மிளகைவிடச் சற்றே பெரிதான வெள்ளை மாத்திரை ஒன்றைப் பிதுக்கி, டீயோடு விழுங்கிவிட்டுத்தான் திருவாதவூரில் யாருக்கு என்ன நோவு என்று விசாரிக்கத் தொடங்குவார். மாத்திரைக்கு அவர் வைத்த பெயர் 'பொடிசு'. முழங்கால் வலி என்றால், "பொடிசு ரெண்டு போடு மாப்ள, பறந்துரும்." மூக்கில் நீர் ஒழுகினால் அதற்கும் பொடிசு. தேள் கொட்டிய ஒருவருக்கும் கொடுத்தார். அவர் பிழைத்துக்கொண்ட பெருமையும் பொடிசுக்கே போய்ச் சேர்ந்தது.

தொழில் வைக்கோல் வியாபாரம். சுற்றுவட்டாரக் களங்களில் வாங்கி, லாரியில் ஏற்றி, கோச்சடைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொண்டுபோய் இறக்குவார். அந்தத் தூசியில் அவருக்கு மூச்சு இளைப்பு வந்தது. மெடிக்கல் கடைக்காரர் இரண்டு மூன்று நாளைக்கென்று கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைத் தவசி தன் சொந்தப் பொறுப்பில் பல வருடங்களுக்கு நீட்டித்துக்கொண்டார். டாக்டர் சீட்டு கேட்கிற கெட்ட பழக்கம் அந்தக் கடைக்காரருக்கும் இல்லை.

பொய் சொல்லக் கூடாது, மாத்திரை வேலை செய்தது. ஒருமுறை என் தும்மலுக்கும் நீட்டினார். போட்டேன், மறுநாள் தும்மலைக் காணோம். அது உருப்படாத மாத்திரையாக இருந்திருந்தால் தவசி என்றைக்கோ விட்டுத் தொலைத்திருப்பார்.

நாளாக ஆக அவர் முகம் உப்பி உருண்டையானது. கன்னம் பளபளத்தது. ஊர் அதைச் செழிப்பென்று எடுத்துக்கொண்டது. "மூஞ்சியில வியாபாரம் தெரியுதுண்ணே" என்றார்கள். கைகால்கள் குச்சியாகிக்கொண்டு வந்ததும், லேசாக இடித்தாலே தோலில் ரத்தம் கட்டியதும் யார் கண்ணிலும் படவில்லை. மனைவி சீனியம்மாளின் முழங்காலுக்கும் பொடிசு போனது. அவள் முகமும் உருண்டது. பொருத்தமான ஜோடி என்று பெயர் கிடைத்தது.

2005 ஐப்பசி மழையில் அவருடைய வைக்கோல் படப்பு நனைந்து பூசணம் பிடித்தது. ஆள் விட்டால் சரியாகச் செய்யமாட்டான் என்று தானே நின்று உதறிக் காயப்போட்டார். சாம்பல் நிறத்தில் தூசி பறந்தது. சில நாட்களில் இருமலும் காய்ச்சலும் வந்தன. தானே வைத்தியராக இருக்கும்போது என்ன கவலை? பொடிசைக் கூட்டினார். காய்ச்சல் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. பிறகு இருமித் துடைத்த துண்டில் ரத்தம் தெரிந்தது.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் ஸ்ரீலட்சுமி, சின்ன வயதுப் பெண், முதலில் கேட்டது, "வழக்கமா என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்ல தாயி. இங்கிலீசு மருந்தே நமக்கு ஆகாது" என்றார் தவசி.

பொய் சொல்வதாக அவருக்கே தோன்றவில்லை. பொடிசை அவர் மருந்து என்று எண்ணியதே கிடையாது. காசநோயாக இருக்குமென்று அதற்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சு மேலும் இழுத்தது. ஒருநாள் டாக்டர் கட்டிலுக்கு வந்தபோது சீனியம்மாள் எழுந்து, தலையணைக்கு அடியில் கையை விட்டு அட்டையை உருவிக் கொடுத்தாள்.

"இதத்தான் தாயி தெனமும் முழுங்குறாரு. இங்க வந்தும் விடல."

டாக்டர் அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சளியை எடுத்து வேறொரு பரிசோதனைக்கு அனுப்பினார். நுரையீரலில் பூஞ்சைத் தொற்று என்று வந்தது.

"வைக்கல்ல பூத்த பூசணம் எனக்குள்ள எப்பிடித் தாயி வந்துச்சு?"

"அந்தத் தூசி எல்லார் மூச்சுலயும்தான் போகுதுங்கய்யா. எதிர்ப்புச் சக்தி இருக்கிற உடம்பு அதை அழிச்சிடும். உங்க உடம்புல அந்தச் சக்தியை இந்த மாத்திரை அடக்கி வச்சிடுச்சு. பூஞ்சைக்குத் தடையே இல்லாமப் போச்சு."

"அப்ப இன்னைக்கே தூக்கி எறிஞ்சுர்றேன்."

"எறியாதீங்க. இத்தனை வருஷம் சாப்பிட்டதைத் திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. நாங்க கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம்."

ஆக, தவசி தன் வாழ்நாளில் முதல்முறையாக டாக்டர் சீட்டோடு பொடிசு சாப்பிட்டார்.

பூஞ்சைக்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். ஏற ஏறக் குளிரெடுத்துக் கட்டில் ஆடியது. சீனியம்மாள் கம்பளியைப் போர்த்தி, அவர் கால்களைத் தன் உடம்பால் அழுத்திக்கொண்டாள். பல் கிட்டிக்கொண்டிருந்த வாயால் தவசி, "ஒனக்கும் குடுத்துட்டேனே சீனி" என்றார்.

"பேசாமக் கெடங்க. எனக்கும் அந்தத் தாயி கொறச்சுத்தான் குடுத்திருக்கு" என்றாள் அவள்.

பிழைத்துவிட்டார். வலது நுரையீரலில் ஒரு பகுதி பிழைக்கவில்லை. வைக்கோல் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால் வியாபாரத்தை மைத்துனர் பார்க்கிறார். வீக்கம் வடிந்து முகம் பழைய அளவுக்கு வந்ததைப் பார்த்து ஊர் இப்போதுதான் கவலைப்படுகிறது. "என்னண்ணே, இப்பிடி இளைச்சுட்டீக? ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?"

சென்ற வாரம் நான் அவர் வீட்டில் இருந்தபோது பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் காளை என்பவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"அந்தப் பொடிசு பேரு என்னண்ணே? கடைக்காரரு பேரு சொன்னாத்தான் தருவேங்குறாரு."

ஊரே ஒரு காலத்தில் கேட்ட கேள்வி. தவசியின் முகத்தில் பழைய வைத்தியர் ஒரு கணம் எட்டிப் பார்த்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. சீனியம்மாள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். தவசி சட்டைப் பொத்தானைக் கழற்றினார். காளையின் கையைப் பிடித்து இழுத்துத் தன் வலது விலாவில் அழுத்தி வைத்துக்கொண்டு, முடிந்த மட்டும் மூச்சை உள்ளே இழுத்தார். காளையின் கைக்கடியில் விலா எழும்பவே இல்லை.