அறுந்து போகாத டேக்

கை சும்மா இருந்தால் எனக்குத் தலை சூடாகிவிடும். அப்படித்தான் மணி டேக் கோர்க்க ஆரம்பித்தேன். ஐடி கார்டு மாட்டக் கழுத்தில் போடுகிற நாடாவுக்குப் பதிலாக, ஆரம் மாதிரி மணிகளைக் கோர்த்துக் கீழே ஒரு கொக்கி வைப்பேன். வில்லியனூர் பக்கம் நர்சுகளும் டீச்சர்களும் கேட்டு வாங்கினார்கள்.

நூலில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வீராம்பட்டினத்துக்குப் போய் மீன் பிடிக்கிற நரம்பு வாங்கி வருவேன். டேக்கைக் கொடுக்கும் முன் பலம் கொண்ட மட்டும் இழுத்துக் காட்டுவேன். "மீனாலயே அறுக்க முடியாது, நீ இன்னா பண்ணிடுவ?" என்று பீற்றிக்கொள்வேன். இப்போது அப்படிக் காட்டுவதில்லை.

தங்கைக்குச் சேதராப்பட்டில் பிளாஸ்டிக் கம்பெனி வேலை கிடைத்தபோது, பச்சையும் பொன்னிறமுமாக இரட்டைச் சரம் கோர்த்து நானே மாட்டிவிட்டேன். ஆறு மாதமாகச் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே, "டேக்க யாராவது கேட்டாங்களாடி?" என்பேன். "எல்லாரும் கேக்குறாங்கக்கா" என்பாள். அதைக் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் மூன்று மணி வாக்கில் ஒரு நர்ஸ் டேக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். ஜுர வேகத்தில் ஒரு பேஷண்ட் அதைப் பிடித்து இழுத்திருக்கிறார். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு.

"அறுந்து போயிருந்தா தேவலாம்க்கா. இன்னா இழுத்தும் வுடல."

எனக்குக் கோபம்தான் வந்தது. கெட்டியாக இருப்பதும் ஒரு குற்றமா? அவள் போன பிறகுதான் தங்கையின் மெஷின் ஞாபகம் வந்தது. இரண்டு உருளைகள் சுற்றிக்கொண்டே இருக்குமாம், குனிந்து அவற்றின் நடுவில் ஷீட்டை விட வேண்டுமாம். குனிந்தால் டேக் தொங்குமே! போன் போட்டேன், ஸ்விட்ச் ஆஃப். உள்ளே போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு, குழம்பைத் தாளிக்காமலே ஸ்கூட்டியை எடுத்தேன்.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலமா. ஷிஃப்ட் முடிய இன்னும் அரை மணிதான், அப்டி ஓரமா நில்லு."

நானாவது நிற்பதாவது. கேட்டுக்கும் டீக்கடைக்கும் எத்தனை நடை நடந்தேனோ தெரியாது. உள்ளே ஏதாவது டமாலென்று விழுந்தால் கேட்டைப் பிடித்துக்கொண்டேன். நானே முடிச்சுப் போட்டு, நானே மாட்டிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சங்கு ஊதியது. பெண்கள் கும்பலாக வந்தார்கள், கடைசியில் தங்கை. கழுத்தில் ஒன்றுமில்லை. ஐடி கார்டு சட்டைப் பையில் கிளிப்பில் இருந்தது. கேட்டைத் தாண்டியதும் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து என் மணிச்சரத்தை எடுத்து, உதறி, தலை வழியாக மாட்டிக்கொண்டாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"மொத நாளே சூப்பர்வைசர் கழட்டச் சொல்ட்டாருக்கா. நீ கஷ்டப்பட்டு கோத்தியேன்னு..."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் எரிச்சலும் வந்தன.

"அப்ப எல்லாரும் கேக்குறாங்கன்னியே, பொய்யாடி?"

"செக்யூரிட்டி அண்ணன் கேட்டாரு," என்றாள். "தெனமும் வூட்டுக்குப் போறப்ப எதுக்கும்மா இத மாட்டிக்கிறன்னு."