திருந்திய பூனை

எங்கள் வீட்டுப் பூனைக்கு நாங்கள் யாரும் பேர் வைக்கவில்லை. என் மாமனார் அதைக் கூப்பிட்ட பேர்கள் நிறைய உண்டு. அவை எழுதத் தக்கவை அல்ல.

செம்பட்டை நிறத்தில் ஓர் ஆண் பூனை. ஒரு மழை நாளில் வைக்கோல் ஏற்றி வந்த டிராக்டரோடு குட்டியாக வந்து இறங்கியது, பிறகு போகவில்லை. அத்தை அதற்குக் கருவாடு போடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது திருத்துறைப்பூண்டி கடையில் பூனை பிஸ்கட் பாக்கெட் வாங்கி வருவேன். மாமா மட்டும் அதற்கு ஒரு பருக்கைகூடக் கொடுத்ததில்லை என்று சத்தியம் செய்வார். ஆனால் அவர் சாப்பிட்டு எழுந்த தட்டில் மீன் தலை மட்டும் தவறாமல் மிச்சமிருக்கும். தட்டும் தவறாமல் தரையிலேயே இருக்கும். ஆக மூன்று பேரும் தனித்தனியாக, அடுத்தவருக்குத் தெரியாமல், அதைப் பூசணிக்காய் அளவுக்கு வளர்த்துவிட்டோம்.

ஆவணி பிறந்ததும் அது கண்ட இடத்தில் ஒன்றுக்குப் போக ஆரம்பித்தது. முதலில் மாமா படித்து முடிக்காத செய்தித்தாள். அடுத்தது அவர் மடித்து வைத்திருந்த சலவை வேட்டி. மூன்றாவதாக, நான் திருத்த வைத்திருந்த கணக்கு விடைத்தாள் கட்டு. ஒரு தாளில் சரியாக ஒரு வட்டம் போட்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு நானும் அதையேதான் போட்டிருப்பேன்.

ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். மாமாவுக்கு அது திமிர். அத்தைக்கு அது கண்திருஷ்டி. எதிர் வீட்டு அம்மாள் வந்து "என்னா பளபளப்பு" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள்தான் ஆரம்பித்ததாம். உப்பும் மிளகாயும் கையில் எடுத்துப் பூனையைப் பிடித்து உட்காரவைத்துச் சுற்றிப் போட்டார். அது இரண்டு தும்மல் போட்டுவிட்டு அவர் புடவை மேலேயே ஒன்றுக்கு இருந்துவிட்டது. நானோ படித்தவள். பத்தொன்பது வருஷமாக ஒன்பதாம் வகுப்பை மேய்க்கிறவள். கைபேசியில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, இது நம் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கச் செய்கிற வேலை, கண்டிப்புதான் மருந்து என்று முடிவு கட்டினேன். காகிதத்தைச் சுருட்டி அதன் முன்னால் தரையில் அடித்து, முகத்துக்கு நேராக விரல் நீட்டித் திட்டுவேன். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளும். ஒன்பதாம் வகுப்பு அந்த மரியாதைகூடக் கொடுப்பதில்லை.

விதை விடும் நாள் நெருங்கியது. சம்பாவுக்கு நாற்றங்கால் போட விதைநெல் வந்து கொல்லை வராந்தாவில் இறங்கியதும் மாமா தீர்ப்புச் சொன்னார்.

"ஏம்மா, இதோட சொல்லிட்டேன். வேட்டி மேல போச்சு, தொவச்சுக்கிட்டேன். விதை மேல ஒரு சொட்டு விழுந்துச்சு, சாக்குல கட்டி நாகப்பட்டினத்துல விட்டுட்டு வந்துருவேன்."

சும்மா மிரட்டுகிறார் என்று விட முடியாது. முன்பு பால் திருடிய ஒரு பூனையை அவர் அப்படிச் செய்தவர்தான். மொபெட்டில் சாக்கைக் கட்டி, மீன்பிடித் துறைமுகம் வரை போய், ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிட்டு வந்தார். "ராஜா மாதிரி இருக்கும், நம்ம வீட்டுல என்ன கெடைக்குது அதுக்கு" என்று வந்து சொன்னார். ராஜாவானதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு அந்தச் செம்பட்டையை அனுப்ப மனம் வரவில்லை. கணவர் சிங்கப்பூரில், மகள் விடுதியில். சாயந்திரம் நான் கேட்டைத் திறக்கும் சத்தத்துக்கு ஓடிவரும் ஒரே உயிர் அதுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது எனக்கு வேண்டும்.

அன்றிலிருந்து நான் பூனைக்கு வக்கீலானேன். தடயத்தை அழிக்கிற வக்கீல். மாமா எழுந்திருக்கும் முன் எழுந்து வீடு முழுக்க ஒரு சுற்று மோப்பம் பிடிப்பேன். ஈரம் இருந்தால் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்து, வாடை போகக் கற்பூரம் கொளுத்துவேன். பினாயில் போட்டால் மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். மருமகளுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று அத்தை அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்று உண்டு. பூனை திருந்தி வந்தது. முதலில் குட்டை போல் தேங்கியது, பிறகு உள்ளங்கை அளவு ஆனது, பிறகு ரூபாய்க் காசு அளவு. ஐந்தாவது நாள் நாலைந்து சொட்டுதான். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய் மூலையில் உட்காரும், வெகுநேரம் உட்காரும், ஒன்றும் செய்யாமல் எழுந்து வந்துவிடும். பழக்கம் விடவில்லை, ஆனால் கண்டிப்பு வேலை செய்கிறது என்று நினைத்தேன். கணவரிடம் போனில் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். "பாத்தீங்களா, உங்கப்பாவால முடியாததை நான் முடிச்சுட்டேன்." அவர் அங்கிருந்து வாழ்த்தும் சொன்னார்.

ஊறவைத்த விதைநெல்லை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு மூடி முளைகட்ட வைத்த நாள் அது. நெல் முளைக்கிறபோது மூட்டை உள்ளுக்குள்ளே கதகதவென்று சூடேறும். பக்கத்தில் போனாலே தெரியும். வெளியே தூறல். இந்த உலகத்தில் ஒரு பூனைக்கு அதைவிடச் சுகமான மெத்தை கிடையாது. காலையில் நான் காபி டம்ளரோடு கொல்லைப்பக்கம் வந்தபோது அது வைக்கோலை விலக்கிவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. அதே உட்காரல். முதுகு வளைந்து, வால் நடுங்கிக்கொண்டு.

ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கினபோது என்றுமில்லாத ஒரு குரலில் கத்தியது. சாக்கில் ஒரே ஒரு சொட்டு இருந்தது, லேசாகச் சிவந்து. அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. வாசலில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து வாளியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு அந்த இடத்தில் ஊற்றினேன்.

மாமா வந்தார். மூட்டையைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"காஞ்ச மாதிரி இருந்துச்சு மாமா. கொஞ்சம் தெளிச்சேன்."

"ஒன்ன யாரு தெளிக்கச் சொன்னா? இது என்ன ரோஜாச் செடியா? அழுகிப் போச்சுன்னா நாத்துக்கு நான் எவன் வீட்டுல போயி நிக்கிறது?"

அவர் திட்டிக்கொண்டே வைக்கோலைச் சரிசெய்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். உள்ளுக்குள் வெற்றிச் சிரிப்பு. அதற்குள் அந்தப் பூனை நொண்டினாற்போல் வந்து, எங்கள் இரண்டு பேரின் கண்ணெதிரே, மறுபடியும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தது. முக்கியது. ஒன்றும் வரவில்லை. இறங்கி வந்து தரையில் உட்கார்ந்தது, முக்கியது. பிறகு மஞ்சளாக வாந்தி எடுத்தது.

மாமா சாக்கை எடுக்கப் போகிறார் என்று நான் வாயைத் திறந்தேன். அவர் குந்தி உட்கார்ந்து பூனையின் அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இது திமிரு இல்லம்மா. நீரு அடைச்சிருக்கு. கல்லு மாதிரி இருக்கு பாரு வயிறு. நம்ம செவலக் காளைக்கு இதான் வந்துச்சு. மூணாம் நாள் போயிருச்சு." நிமிர்ந்து பார்த்தார். "எத்தினி நாளா இப்படிச் சொட்டுது?"

நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"ஒன்னத்தாம்மா கேக்குறேன். நீரு எப்பலேருந்து கொறஞ்சுது?"

"அஞ்சு நாளா மாமா. நாளுக்கு நாள் கொறஞ்சுகிட்டே வந்துச்சு. திருந்திட்டான்னு நெனச்சேன். நான்தான் தொடச்சு மறைச்சேன்."

அவர் எழுந்து ஒரு வாடகைக் காருக்குப் போன் போட்டார். ஒரு காலிச் சாக்கை உதறி, பூனையை அதில் இறக்கி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்துக்கொண்டார். கார் வந்ததும் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நாகப்பட்டினம் போகவில்லை, தஞ்சாவூர் போனோம். வழியெல்லாம் அது கத்தியது. அது கத்தும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அங்கே நாய், பூனைகளைப் பார்க்கிற டாக்டரம்மா மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாயை விட்டு அடைப்பை எடுத்தார். பொடி மணல் போல் ஏதோ வந்தது, பின்னால் சிவப்பாக நீர். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். கருவாடு, காய்ந்த பிஸ்கட் என்று நான் சொல்லி முடித்தேன். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மீன் தலையும்ங்க" என்றார்.

"தண்ணி குடிக்கிற பழக்கமே இல்ல இவனுக்கு. ஒடம்பும் பெருத்துப் போச்சு. கண்ட எடத்துல போறான்னா அடம்னு முடிவு பண்ணாதீங்க, எரிச்சல் தாங்காமத்தான் எடம் தேடுறான். ஆண் பூனை உக்காந்து முக்கி ஒண்ணும் வரலைன்னா ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "அடிச்சீங்களா?"

"தரையிலதான் அடிச்சேங்க" என்றேன். அது எவ்வளவு கேவலமான பதில் என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்தார்கள். அதற்குள் மாமா விதை விட்டு முடித்தார். நான் ஊற்றிய சொம்புத் தண்ணீரால் எதுவும் அழுகவில்லை. மூன்றாம் நாள் காலையில் குழாயை எடுத்துவிட்டு, சாயந்திரத்துக்குள் தானாகப் போக வேண்டும், போகாவிட்டால் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று அனுப்பினார்கள்.

அந்தப் பகல் எங்கள் வீட்டில் யாருக்கும் வேறு வேலை இல்லை. கூடத்து நடுவில் பூனை, சுற்றிலும் நாங்கள் மூன்று பேர். அத்தை தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டார். நான் ஐந்து கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். சிங்கப்பூரிலிருந்து கணவர் மணிக்கொரு தரம் "போயிருச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. மாமா கண்ணை எடுக்கவில்லை.

"மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டான்னு சேதி வந்துரும். நம்ம கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள உசுரு போயி உசுரு வரும். இவன் அதுக்கு மேல இருக்கான்" என்றார்.

மூன்று மணி வாக்கில் அது எழுந்தது. எங்களை ஒரு முறை பார்த்தது. ஈரமணல் நிரப்பி வைத்திருந்த தட்டைச் சுற்றிக்கொண்டு போய், மாமா உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்தில் நிதானமாக உட்கார்ந்தது. வந்தது. நின்று நிதானமாக, பெரிய குட்டையாக வந்தது. அத்தை கைதட்டினார். நான் போனில் கணவருக்குக் காட்டினேன். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து, யாரையும் தொட விடாமல், தானே துடைத்தார்.

துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் நாகப்பட்டினம்னு மெரட்டாம இருந்திருந்தா, நீ அன்னைக்கே வந்து சொல்லியிருப்பே. இல்லம்மா?"

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல மாமா. உங்களுக்குப் பயந்தெல்லாம் இல்ல" என்றேன்.

துண்டைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாத்தியா, இப்பவும் மறைக்கிறே."