நாலாவது மூலை

இந்த ஊரில் காலுறைக்குக்கூடப் பேர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான் வேலை பார்ப்பது அயர்லாந்தில், ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில். சட்டை, பனியன், கைக்குட்டை, எதை எடுத்தாலும் உள்பக்கம் சின்னதாக ஒரு பட்டி, அதில் ஒரு பேர். சங்கரன்கோவிலில் சலவைக்குப் போட்டால் மையில் ஒரு புள்ளி வைப்பார்கள். யார் வீட்டுத் துணி என்று வெளுக்கிறவருக்குத் தெரியும், அது போதும். இங்கே ஆள் இறந்துபோனால் அந்தப் பட்டியை உரிக்கிறதும் என் வேலைதான். ஆறு வருஷமாக உரிக்கிறேன். என் மனைவி செல்வி இதே இல்லத்தில் நர்ஸ். அவளைத் தொட்டுத்தான் எனக்கு விசா. நான் எட்டாவதோடு நின்றவன்.

ஒருநாள் பட்டி இல்லாத தலையணை உறை ஒன்று வந்தது. நாலு பக்கமும் கையால் பின்னிய லேஸ், குரோஷா ஊசியில் பின்னுவது. ஆறு இதழ், நடுவில் ஒரு ஓட்டை. எங்கள் அம்மா அதைப் பிச்சிப்பூ என்பாள். அதேதானா என்றால் இல்லை, பங்காளி வீட்டுப் பிள்ளை மாதிரி ஜாடை. மிஷினில் போட மனசு வரவில்லை. கையால் அலசிக் காயவைத்து, எந்த அறையிலிருந்து வந்தது என்று விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படுக்கையில் இருந்த பாட்டிக்குத் தொண்ணூறு இருக்கும். பக்கத்தில் அவர் மகள் நோரா. “இது என் வீட்டிலும் இருக்கு” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். நோராவின் முகம் மாறிவிட்டது. அந்த உறைக்கு ஜோடி கொஞ்ச நாளாகக் காணவில்லையாம். நான் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மானேஜர் கூப்பிட்டார், நோராவும் அங்கே இருந்தார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் ஊசியை எடுத்துவந்தேன். அப்பா சைக்கிள் சக்கரக் கம்பியை அரத்தால் ராவிச் செய்த ஊசி அது. இங்கே வந்தபிறகு பைஜாமாவுக்கு நாடா கோக்கத்தான் பயன்பட்டது. மானேஜர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே நாலு விரல் நீளம் பின்னிக் காட்டினேன். இரண்டு பேரும் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள். அப்புறம் மன்னிப்புக் கேட்டார்கள். காணாமல்போன உறை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது.

நோரா விடவில்லை. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் சர்ச் ஹாலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடிப் பின்னுகிறார்கள். அவரவர் வீட்டில் வழிவழியாக வந்த லேஸை மறுபடி பின்னிக் கோடையில் கண்காட்சி வைப்பார்கள். நீயும் வா, உன் அம்மாவின் லேஸில் ஒரு உறை முழுசாகச் செய் என்றார். சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். அங்கேதான் தப்பு. எனக்கு முழு உறை பின்னத் தெரியாது.

எங்கள் வீட்டு வேலைமுறை அப்படி. கல்யாணச் சீரில் வைக்கிற தலையணை உறைக்கு லேஸ் கேட்டு அம்மாவிடம் வருவார்கள். அம்மா தொடங்கிவைப்பாள். நேரே போகிற பக்கம் என் வேலை. மூலை வந்தால் கோமதி அக்கா. அக்கா மூலையைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி நான். ஒரு உறை முடிய நாலு தடவை அக்கா கைக்குப் போய்வரும். எட்டாவதில் எனக்கு மஞ்சள்காமாலை வந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தபோது என் கையில் ஊசி வந்தது. பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை, ஊசி கையோடு தங்கிவிட்டது. தெருவில் என்னை ‘ஏலே லேஸு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூலையை நானும் திருப்புகிறேனே என்று ஒருதடவை கேட்டேன். “நீ அவசரக்காரன். நேரே போ. மூலைய அவ பாத்துக்கிடுவா” என்று அம்மா சொல்லிவிட்டாள். அதோடு சரி. அக்காவுக்கு நேர்ப்பக்கம் ஓடாது, எனக்கு மூலை தெரியாது.

நானாகத் திருப்பிப் பார்த்தேன். ஒருதடவை கிண்ணம் மாதிரிக் குழிந்தது. இன்னொரு தடவை பாவாடைக் கொசுவம் மாதிரி நெளிந்தது. பிரித்துப் பிரித்து நூல் கறுத்துப்போனது. நோரா பின்னல் முறை வரைந்த ஒரு தாள் கொடுத்தார், முழுக்கக் கோடும் வட்டமும். எனக்கு அது படிக்கத் தெரியாது. கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார். மூலை படிந்து உட்கார்ந்தது. ஆனால் எங்கள் வீட்டு மூலை அது இல்லை. பிரித்தேன். “யாருக்குத் தெரியப்போகிறது?” என்றார். எனக்குத் தெரியும் என்றேன். இன்னொரு பெண், கேரளாவில் எல்லா ஆண்களும் பின்னுவார்களா என்று கேட்டார். நான் கேரளா இல்லை என்று அவரிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். வீடியோவில் கூரை விசிறிதான் தெரிந்தது. போனை மல்லாக்கப் போட்டுவிட்டுப் பூக்கட்டிக்கொண்டிருந்தாள்.

“யக்கா, பிச்சிப்பூ லேஸுக்கு மூலைய எப்படித் திருப்புவ?”

“எதுக்குல?”

“இங்கன ஒரு அம்மா கேக்காங்க.”

“அங்கன உள்ளவளுக்கு எங்கம்மா மூலை எதுக்கு?”

“எனக்குத்தான் வேணும். போன்ல காட்டேன்.”

“போன்ல காட்டுத சாமானா அது? நேர்ல வா, காட்டுதேன்.”

“லீவு இல்லக்கா.”

“அம்மா செத்ததுக்கே இல்ல. மூலைக்கா குடுக்கப் போறான்?”

விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

அம்மா இறந்தபோது என் விசா அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது கையில் இல்லாமல் கிளம்பினால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றார்கள். இருந்துவிட்டேன். அக்கா மகன்தான் கொள்ளி வைத்தான். நான் சலவை அறையில், துணி உலர்த்துகிற மிஷின் மேல் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்தேன். மிஷின் அதிர்ந்து போன் இரண்டு தடவை விழுந்தது. நம் ஆட்களில் பலபேருக்கு இப்படி ஒன்று இருக்கும். கேட்டால் சொல்ல மாட்டார்கள். அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசாமல் இல்லை. பேசுவாள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்க மாட்டாள்.

பிறகும் நாலைந்து தடவை கேட்டேன். மின்சாரம் இல்லை என்பாள், கண் தெரியவில்லை என்பாள். ஒருதடவை ஊசியையே காணோம் என்றாள். செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு மூலைக்கு இந்தப் பாடா? என்ன கோட்டையவா கேட்டோம், மதினி குடுக்க மாட்டேங்காவ?” என்றாள். “விட்டுத்தள்ளுங்க.” விட முடியவில்லை. நேர்ப்பக்கமாகவே பின்னிக்கொண்டு போனேன். திரும்ப இடமில்லாமல் லேஸ் நீளமாகி நாற்காலிக்கடியில் சுருண்டு கிடந்தது.

கண்காட்சிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, செல்வியோடு வேலை பார்க்கிற கரிவலம்வந்தநல்லூர்ப் பெண் லீவு முடிந்து வந்தாள். அக்கா அவளிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருந்தாள். கோயில் புற்றுமண், கொஞ்சம் மிளகாய் வத்தல். வத்தலுக்கு அடியில் பாலித்தீன் பையில் மூலைகள். தனித்தனியாகப் பின்னி, இணைக்கிறதுக்கு நூலை நீளமாக விட்டிருந்தாள். எண்ணினேன். மூன்று. பையை உதறினேன். மூன்றுதான்.

“யக்கா, மூணுதான் இருக்கு.”

“ஆமா.”

“நாலாவது?”

“இங்கன இருக்கு. அம்மா படத்துக்குக் கீழ வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோ.” கொஞ்சம் பொறுத்து, “சாப்பிட்டியால?” என்றாள்.

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

அக்கா பின்னல் இறுக்கம். என்னுடையது தளர்வு. வைத்துப் பார்த்தால் என் பக்கம் ஒரு நூல் அகலம் கூடுதல். நூலும் வேறு, அவளுடையது பழுப்பு, இந்த ஊர் நூல் வெள்ளை. நூலுக்கு ஒன்றும் செய்ய முடியாது. நான் பின்னியது அத்தனையும் பிரித்து, கையை இறுக்கி மறுபடி பின்னினேன். ஒரு வாரம் போனது. மூன்று மூலையையும் வைத்து இணைத்தேன். நாலாவது இடத்தில் வெறும் துணி. என் இரண்டு நுனியும் அங்கே வந்து எதிரும் புதிருமாக நின்றன.

கண்காட்சியன்று நோரா அதைப் பார்த்துத் திகைத்துவிட்டார். “மூன்று கையில் இருக்கிறதே, பார்த்துப் பின்னு” என்றார். பின்னலாம்தான். மூன்று மூலையையும் விளக்குக்குக் கீழே வைத்து எண்ணிவிட்டேன். எந்தக் கண்ணியில் இரண்டு தடவை குத்துகிறாள், எங்கே ஒன்றை விடுகிறாள், எல்லாம் தெரிந்துவிட்டது. இப்போது கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பின்னுவேன். பின்ன மாட்டேன் என்றேன். ஏன் என்றார். அது ஊரில் இருக்கிறது என்றேன். நூலைச் சொல்கிறேன் என்று நினைத்து, தன் பையிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கடைசியில் அந்த மூலை தெரியாமல் மடித்துவைக்கப் போனார். நான் நிமிர்த்திவிட்டேன். அவர் மறுபடி மடித்தார், நான் மறுபடி நிமிர்த்தினேன்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழா ஆடித்தபசுக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. உறை வீட்டில் என் தலையணையில்தான் இருக்கிறது. செல்வி ஒரு பட்டியில் என் பேர் எழுதி உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள். மூலை இல்லாத பக்கமாகவே தலைவைத்துப் படுக்கிறேன்.