கூட்டம் கலைந்த தொட்டி

தேவிப்ரியா ரப்பர் குழாயின் ஒரு முனையை மீன்தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுப்பார். தண்ணீர் உதட்டுக்கு வருமுன் விரலால் அடைத்து வாளிக்குள் திருப்புவார். அடியில் சேர்ந்த அழுக்கு மட்டும் போகும், மணல் அசையாது. குழாய் வலப்பக்கம் போனால் இருபது நியான் டெட்ராக்களும் ஒரே வீச்சில் இடப்பக்கம் திரும்பும். ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். மேலே நீலக்கோடு, பின்பாதி சிவப்பு.

எந்த மீனுக்கும் அவர் பெயர் வைத்ததில்லை. "எல்லாம் சேந்தாதான்க்கா ஒரு மீனு. இதுல தனியா யார கூப்புட்றது?" என்பார், அவர்கள் சேலைக்குக் குஞ்சம் கட்டும் என்னிடம். அடியில் மேயும் பூனைமீன்களுக்கும் நாலு கப்பி மீன்களுக்கும் அங்கே இடம் உண்டு, ஏஞ்சல் மீனுக்கு இல்லை. "அது வளந்தா இதுங்கள பக்கோடா மாதிரி தின்னுடும்."

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டு முன்கூடம்தான் தறிக்கூடமும். ஒரு சுவரோரம் குழித்தறி, எதிர்ச்சுவரோரம் தொட்டி. கணவர் பஞ்சாட்சரம் கோர்வைச் சேலை நெய்பவர். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்பதால், ஒரு பக்கத்துக் கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். அந்த இன்னொருவர் தேவிப்ரியா. ஆகவே இந்த வீட்டில் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் கிடக்க வழியில்லை. பேச்சு நின்ற நாளிலும் தோளோடு தோள் உரச நெய்தாக வேண்டும்.

கொஞ்ச நாளாகப் பேச்சு நின்றிருந்தது. இரண்டாவது தறி போட்டால் வேலை தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். தொட்டி இருக்கும் இடம்தான் அதற்குத் தோது. தறியைப் பின்கட்டில் போடலாம் என்பது தேவிப்ரியாவின் வாதம். அங்கே மழை ஒழுகும் என்பது பஞ்சாட்சரத்தின் பதில். "தறிக்கு எடமில்ல, மீனுக்குக் கண்ணாடி பங்களா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

போன வெள்ளிக்கிழமை தேவிப்ரியா திருப்புட்குழியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். சாயங்காலம் திரும்பியபோது, குஞ்சம் கட்டிய சேலையைக் கொடுக்கப் போன நானும் கூடவே நுழைந்தேன். மீன்கள் கூட்டமாக இல்லை. ஆளுக்கொரு பக்கம் நின்று, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீலக்கோடு வெளிறியிருந்தது. இரண்டு மணலில் சாய்ந்து கிடந்தன. தொட்டியருகே செப்புக்குடம் கவிழ்ந்திருந்தது.

"தண்ணி கொறஞ்சி தொட்டி மோட்டார் கத்திக்கினு இருந்துது" என்றார் பஞ்சாட்சரம். "நல்ல தண்ணிதாம்மா ஊத்துனேன். பூஜைக்குன்னு புளி போட்டு வெளக்கி, நேத்தே புடிச்சி வெச்சது."

நமக்கு நல்ல தண்ணீர்தான். ஆனால் புளி பட்ட செம்பு நீரில் இறங்கும். இந்தச் சிறு உயிர்களுக்கு அது விஷம். மீன் வாங்கிய அன்று கடைக்காரர் செம்பு ஆகாது என்று தெளிவாகச் சொன்னாராம். பஞ்சாட்சரமும் பக்கத்தில்தான் நின்றாராம், பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு.

"பின்னால வாளி நெறைய தண்ணி இருந்துதே" என்றார் தேவிப்ரியா.

"அத தொடக்கூடாதுன்னு நீதான சொன்ன."

அதுவும் உண்மை. குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒருநாள் ஆறவைக்கும் அந்தப் பிளாஸ்டிக் வாளியை வேறு யாரும் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

தேவிப்ரியா பாதித் தண்ணீரை இறக்கினார். கேட்காமலே பஞ்சாட்சரம் பின்கட்டிலிருந்து அந்த வாளியைத் தூக்கி வந்து வைத்தார். மீன்கள் பயப்படாதபடி உள்ளங்கை மேல் ஊற்றி ஊற்றித் தொட்டியை நிரப்பினார் தேவிப்ரியா. மணலில் கிடந்த இரண்டும் எழவில்லை. மற்றவற்றில் ஒன்று இன்னொன்றின் பக்கத்தில் போய் நின்றது, மறுபடி விலகியது.

பஞ்சாட்சரம் தறிக்குழி விளிம்பில் உட்கார்ந்தார். நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"நான் வேணும்னே ஊத்துனேன்னு நெனைக்கிறியா?"

தேவிப்ரியா கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பஞ்சாட்சரம் இன்னொரு முறையும் கேட்டார், குரலைத் தாழ்த்தி.

நோயுற்ற மீனுக்கு வெளிச்சம் ஆகாது. தேவிப்ரியா தொட்டி விளக்கை அணைத்து, தோளில் கிடந்த துண்டைக் கண்ணாடியின் மேல் இழுத்துப் போர்த்திவிட்டு, உள்ளே போனார்.