இல. 1, மெயின் வீதி

“ஒரு வாட்டி எழுதினா போதுங்க. மத்ததெல்லாம் தானா வந்துரும்” என்கிறார் செல்லசாமி. இன்று காலையிலிருந்து இது ஏழாவது தடவை. எதிரே உட்கார்ந்திருப்பவர் தலவாக்கலையில் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். மண்டபத்துக்கு ஓர் இணையத்தளம் வேண்டும் என்று வந்தவர். செல்லசாமி பழைய கோப்பு ஒன்றைப் பிரதியெடுத்து, பெயரை மாற்றி, நீல நிறத்தை ரோஸாக்கி, “முடிஞ்சிருச்சு” என்று சுழல் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றுகிறார். மண்டபத்துக்காரருக்கு வாங்கிவந்த பிளேன்டீ இன்னும் ஆறவில்லை.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே தையல் கடைக்கு மேல்மாடியில் நான்கு கணினிகளும் ஒரு ஸ்கேனரும் இருக்கின்றன. பலகையில் ‘சாம் வெப் சொலியூஷன்ஸ்’ என்று எழுதியிருக்கும். அந்தச் சாம் இவர்தான். கொழும்பில் ஒரு கம்பனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது செல்லசாமி தேய்ந்து சாம் ஆகிவிட்டார். 2006இல் ஊர் திரும்பியவருக்கு, சாமை மறுபடி செல்லசாமியாக்கும் யோசனை ஒருநாளும் வரவில்லை. திரும்பி வரும்போது கழுத்தில் ஒரு டை, வாயில் ‘பேஸிக்கலி’ என்ற ஒரு சொல், பென்ட்ரைவில் ஒரு டெம்ப்ளேட். இன்றுவரை மூன்றையும் மாற்றவில்லை.

டெம்ப்ளேட் பெரிய மந்திரமில்லை. மேலே பெயர், இடப்பக்கம் பட்டியல், அடியில் முகவரி என்று ஒரு சட்டத்தை ‘பேஸ்’ என்ற ஒரே ஒரு கோப்பில் எழுதிவைத்தால், மற்றப் பக்கங்கள் எல்லாம் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். படிவமும் அப்படித்தான். என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தால் போதும். பெட்டிகளை வரைவதையும், வெறுமையாக விட்டவரைச் சிவப்பு எழுத்தில் அதட்டுவதையும் ஃப்ரேம்வேர்க் என்ற மென்பொருளே பார்த்துக்கொள்ளும். ஆளுக்கு ஆள் தேவையான இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ள அதில் வசதியும் உண்டு. அந்த வசதியைச் செய்தவர்கள் செல்லசாமியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், பாவம்.

கொட்டகலையில் ஓர் ஆசிரியர் இறந்தபோது பிள்ளைகள் நினைவுப் பக்கம் ஒன்று கேட்டார்கள். அதே சட்டம், அதே பட்டியல். மாலை போட்ட படத்துக்குக் கீழே, ‘உங்கள் திகதியை இப்போதே முற்பதிவு செய்யுங்கள்’ என்று ஒரு பட்டன் பளிச்சென்று நின்றது. மூத்த மகன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். “பேஸிக்கலி அது பேஸ்ல இருக்குங்க. தொட்டா பத்து சைட்டும் ஆடும்” என்று செல்லசாமி அவருக்குப் பாடம் நடத்தினார். அதற்குள் இரண்டு பேர் திகதி கொடுத்துவிட்டிருந்தார்கள்.

இந்த மனிதரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. கொழும்பு பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தும்போது எல்லோரும் அடையாள அட்டையைக் கையில் எடுப்பார்கள். இவரும் எடுப்பார். ஆனால் பின்பக்கம் முகவரி இருக்கும் இடத்தில் கட்டைவிரல் அழுத்தமாக உட்கார்ந்திருக்கும். பொலிஸ்காரர் கைக்கு அட்டை போகும் அந்த நொடியில்தான் விரல் விலகும். பக்கத்து ஆசனக்காரர் எந்த ஊர் என்று கேட்டால், “ஹட்டன் டவுன்” என்பார். விரலுக்குக் கீழே இருப்பதோ ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர், கீழ் டிவிசன், ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில் ஓர் அறை; அங்கேதான் பிறந்தார். அவருடைய அம்மா காளியாயி இன்னமும் அங்கேதான் இருக்கிறார். டவுனில் இவருக்கு ஒரு வாடகை அறை, அவ்வளவுதான்.

2008இல் கொழும்பு அறக்கட்டளை ஒன்று, தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு உதவிப்பணம் தருவதாக அறிவித்தது. விண்ணப்பம் இணையத்தில்தான். படிவம் செய்யும் வேலை சாமுக்கு வந்தது. சாமிடம் படிவம் தயாராக இருந்தது. கொழும்பில் வீடுகளுக்குக் கேக் அனுப்பும் கடை ஒன்றுக்குச் செய்தது. ‘கேக்கில் எழுத வேண்டிய வாசகம்’ என்ற பெட்டியை ஞாபகமாக எடுத்துவிட்டார். அதற்கு மேல் அவருக்குப் பொறுமை இல்லை. ‘வீட்டு இலக்கம்’, ‘வீதி’, ‘வீட்டில் கடிக்கும் நாய் உண்டா?’ ஆகிய மூன்றும் அப்படியே நின்றன. மூன்றும் கட்டாயம்.

நிரப்ப வந்தவர்களில் ஜீவராணியும் ஒருத்தி. பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம். தாய் மீனம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. இந்த உதவி வந்தால் பேராதனை, வராவிட்டால் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்கும் ஆயா வேலை. அவள் லய இலக்கத்தைத் தட்டி அனுப்பினாள். ‘வீதியை நிரப்பவும்’ என்று சிவப்பில் வந்தது.

“அண்ணே, எங்க லயத்துல வீதி இல்லியே. வாசல்ல தண்ணி ஓடுற கான்தான் இருக்கு.”

“கான எல்லாம் போட முடியாது தங்கச்சி. பேஸிக்கலி ஏதாச்சும் ஒரு வீதி போடு. மெயின் வீதின்னு போடு. எல்லா ஊர்லயும் ஒண்ணு இருக்கும்ல?”

“லயம்னு ஒரு பெட்டி வெச்சுருங்களேன்.”

“பேஸ தொட முடியாதும்மா.”

முடியும். இந்த ஒரு படிவத்துக்கு மட்டும் மாற்ற நாலு வரி போதும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். லயம் என்ற சொல்லைத் தன் கையால் அடிக்கத்தான் கை வரவில்லை. எட்டுப் பிள்ளைகள் வந்து இதே கேள்வியைக் கேட்டதும் அவருக்கு எரிச்சலாகிவிட்டது. அந்தப் பெட்டிகளில் ‘இல. 1’, ‘மெயின் வீதி’, ‘ஹட்டன்’ என்று முன்கூட்டியே நிரம்பி வரும்படி செய்துவிட்டு, ஒரு பிரச்சினையைத் தீர்த்த களைப்பில் நாற்காலியைச் சுற்றினார். நாயைப் பற்றிய கேள்விக்குப் பிள்ளைகள் உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். ‘எங்கள் காம்பராவில் இல்லை, பக்கத்துக் காம்பராவில் உண்டு’ என்று எழுதினாள் ஜீவராணி.

இரண்டு வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து துரைராசா தொலைபேசியில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற அதிபர். குரலில் இன்னும் பிரம்பு இருந்தது.

“தம்பி, நாப்பத்தி மூண்டு பிள்ளையளும் ஒரே வீட்டிலயோ இருக்கினம்?”

“இல்ல சேர், பேஸிக்கலி...”

“பொறும். அது ஒரு மடமெண்டே வைப்பம். அதில பத்தொன்பது பேர் கடிக்கிற நாய் இருக்கெண்டினம். மற்ற இருபத்தி நாலு பேரும் இல்லையாம். நாய் ஆள் பாத்தோ கடிக்குது?”

செல்லசாமி டையைத் தளர்த்தினார். கள்ள விண்ணப்பம் என்று நாற்பத்து மூன்றையும் நிராகரிக்கக் கூட்டத்தில் ஏற்கனவே முடிவாகிவிட்டதாம். துரைராசாதான் கெஞ்சி வெள்ளிக்கிழமை வரை நிறுத்தி வைத்திருக்கிறார். சரியான முகவரிகள் வர வேண்டும். “பிழை உம்மடை எண்டு கையெழுத்து வைச்சு ஒரு கடிதம். அதோட உம்மட அடையாள அட்டை, ரெண்டு பக்கமும். நீர் மெய்யான ஆளோ எண்டு எனக்குத் தெரிய வேணும்.”

செய்தி பள்ளிக்கூடங்களுக்குப் போய், வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே ஜீவராணி வந்து நின்றாள். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை.

“அந்தப் பெட்டியப் போட எவ்வளவு நேரமாகும்ணே?”

“பேஸிக்கலி...”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு பத்து நிமிஷம்.”

“அந்தப் பத்து நிமிஷம் அன்னிக்கு இல்லியா? அம்மா மூணு நாளா சோறு திங்கல.”

செல்லசாமி கணினிப் பக்கம் திரும்பினார். ஏழே நிமிடத்தில் வேலை முடிந்தது. நாயைத் தூக்கினார், வீதியைத் தூக்கினார். ‘டிவிசன்’, ‘லய இலக்கம்’, ‘காம்பரா இலக்கம்’ என்று வரிசை பிசகாமல் அடித்தார். கடிதம் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் லயத்துக்கு வரும் என்பதற்கும் ஒரு பெட்டி வைத்தார். ஜீவராணி எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பத்து சைட்டில் ஒன்றுகூட ஆடவுமில்லை.

அவள் நிரப்பி அனுப்பினாள். சிவப்பு வரவில்லை. மற்றப் பிள்ளைகள் பதினொரு மணி பஸ்ஸில் வருகிறார்கள் என்றாள். கடிதத்தையும் தன் முன்னாலேயே எழுதச் சொன்னாள். எழுதினார். ‘சாம்’ என்று கையெழுத்துப் போட்டு, அவள் பார்த்த பார்வையில் அதை வெட்டிவிட்டு, ‘செல்லசாமி’ என்று போட்டார்.

மிச்சம் அடையாள அட்டைதான். முன்பக்கம் ஒழுங்காக வந்தது. பின்பக்கத்தைப் புரட்டி ஸ்கேனர் கண்ணாடியில் வைத்துப் பட்டனை அழுத்தினார். திரையில் பெயர் வந்தது, தொழில் வந்தது. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் மொத்தமாக ஒரு கட்டைவிரல் கிடந்தது.

“அண்ணே, வெரல் விழுந்திருக்கு” என்றாள் ஜீவராணி.

செல்லசாமி விரலை இழுத்துக்கொண்டார். அட்டையை நேராக்கி வைத்து மூடியை இறக்கினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓரடி தள்ளி நின்றார்.

“நீயே அமுக்கு தங்கச்சி” என்றார்.